பாயோன் முகங்களும் பாரிஸ் படங்களும்

1927ஆம் ஆண்டு பாரிஸில் வெளியான ஒரு நூல், கம்போடியாவின் புகழ்பெற்ற கோயில் ஒன்றின் வயதை அடியோடு மாற்றியது. அங்கோர் தோம் நகரின் நடுவே, நான்கு திசைகளையும் நோக்கும் பெரும் கல்முகங்களைத் தாங்கி நிற்கும் பாயோன் கோயிலை 9ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில் என்றே அதுவரை அறிஞர்கள் எழுதிவந்தார்கள். முதலாம் யசோவர்மன் தன் புதுத் தலைநகருக்கு மையமாக எழுப்பியது அது என்பது அவர்கள் கணிப்பு. பிலிப் ஸ்டெர்ன் என்ற இளம் ஆய்வாளர் அதை மறுத்தார். கோயிலின் அலங்கார வேலைப்பாடு, தூண்களின் அமைப்பு, வாயில் நிலைகளுக்கு மேலுள்ள செதுக்கல் ஆகியவற்றை மற்றக் கோயில்களோடு ஒப்பிட்டு, இது குறைந்தது நூறாண்டுகளாவது பிந்தியது என்று வாதிட்டார். அப்போது அவர் கம்போடிய மண்ணை மிதித்ததே இல்லை. அவர் கையில் இருந்தவை அருங்காட்சியகத்துக்கு வந்துசேர்ந்த சிற்பங்கள், வார்ப்புகள், புகைப்படங்கள்.

கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னர்களின் கல்முகங்களைப் படமெடுப்பதன் வரலாறு பெருமளவுக்குப் பாரிஸ் நகரத்தின் வரலாறு. அதன் இரு முக்கிய இடங்களும் அடுத்தடுத்த தெருக்களில்தான் இருக்கின்றன. இயெனா சதுக்கத்தில் கிமே அருங்காட்சியகம். அங்கிருந்து சில நிமிட நடையில், பிரசிதான் வில்சன் அவென்யுவில், தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளி. தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் 2ஆம் எண் மெட்ரோவில் ஏறி, எத்துவாலில் 6ஆம் எண்ணுக்கு மாறினால் அந்தப் பக்கம் போய்விடலாம். புடவைக் கடையும் மளிகைக் கடையும் நகைக்கடையுமாக ஃபோபூர் சாந்தெனித் தெருவில் நாளெல்லாம் நடமாடும் நம்மவர்களில் அந்தப் படியேறியவர்கள் மிகக் குறைவு என்பதே என் எண்ணம். நமக்கும் அந்தக் கல்முகங்களுக்கும் உள்ள உறவு சிறியதல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

தொடக்கம் 1866. அந்த ஆண்டின் முதல் மாதங்களில் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் தாம்சன் அங்கோருக்கு வந்து படமெடுத்தார். அடுத்த ஆண்டே எடின்பரோவில் அவற்றை நூலாக வெளியிட்டார். அதே 1866 ஜூன் மாதம், மீகாங் ஆற்றை ஆராயப் புறப்பட்ட தூதார் த லக்ரேயின் பிரெஞ்சுக் குழுவோடு எமில் க்ஸெல் வந்தார். அல்சாஸ் பகுதியில் பிறந்து சைகோனில் புகைப்படக் கூடம் நடத்தியவர். சைகோனுக்கு வந்த பிரெஞ்சு அதிகாரிகளும் வணிகர்களும் அவர் எடுத்த அங்கோர் படங்களை வாங்கிப் போனார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் போன தமிழர்கள் வரி வசூலிலும் காவலிலும் கலங்கரை விளக்கங்களிலும் வேலை பார்த்த ஊரும் அந்தச் சைகோன்தான்.

அன்று படமெடுப்பது உடல் வருத்தும் வேலை. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் என்ற பசைக் கரைசலைச் சமமாக ஊற்ற வேண்டும். அதை வெள்ளி நைட்ரேட்டில் தோய்க்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் வைத்துப் படமெடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்துக்குள் ஓடி அங்கேயே கழுவ வேண்டும். குளிர்நாட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அங்கோரின் வெயிலில் தகடு அதைவிட விரைவாகக் காய்ந்துவிடும். தகடுகளும் மருந்துகளும் கூடாரமும் மாட்டுவண்டியிலும் ஆட்கள் தோளிலும் காட்டுக்குள் போயின. அந்தத் தோள்களுக்கு உரியவர்களின் பெயர் எந்த நூலின் முகப்பிலும் இல்லை.

அந்தப் படங்களைப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். கொலோடியன் தகட்டுக்கு நீல ஒளி தெரியும். பச்சையும் சிவப்பும் அநேகமாகத் தெரியாது. அதனால் வானம் வெறும் வெள்ளையாகவும் இலைகள் கருமையாகவும் பதியும். பாயோன் முகத்தின் மேல் கவிந்த கொடியும் வேரும் கன்னங்கரேலென்று கல்லை விழுங்கப்போவதுபோல் அந்தப் படங்களில் நிற்பதற்கு ரசாயனமும் ஒரு காரணம். காடு விழுங்கிய மர்ம நகரம், புதிராகச் சிரிக்கும் முகங்கள் என்று ஐரோப்பா மயங்கிய அந்தப் பிம்பத்தில் ஒரு பங்கு மருந்தின் குறைபாட்டுக்குச் சேரும். பியர் லோட்டி போன்ற எழுத்தாளர்கள் அந்தச் சிரிப்பின் முன் தமக்கு ஏற்பட்ட திகிலை எழுதிப் புகழ்பெற்றார்கள். உள்ளூர் மக்களுக்கு அந்த இடத்தில் திகிலுக்கு இடமில்லை. பாயோனிலும் அங்கோர் வாட்டிலும் பிக்குகளும் ஊராரும் விளக்கேற்றி வழிபட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே மீகாங் குழுவில் ஓவியராகப் போனவர் லூயி தெலப்போர்த். அவர் வரைந்த பாயோன், இடிந்ததை நிமிர்த்தி, இல்லாததைச் சேர்த்துக் கட்டிய கற்பனைப் பாயோன். 1873இல் அவரே ஒரு குழுவுக்குத் தலைமை தாங்கிப் போய், ஏறக்குறைய எழுபது சிற்பங்களைப் பிரான்சுக்குக் கொண்டுவந்தார். கொண்டுவர முடியாதவற்றின் மேல் அச்செடுத்து, பிளாஸ்டர் வார்ப்புகளாக இறக்கினார். முதலில் கொம்பியேன் அரண்மனையிலும் பிறகு ட்ரொக்காடெரோவிலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. சிற்பங்கள் பின்னாளில் கிமேக்குப் போயின. வார்ப்புகளின் கதி வேறு. ரசனை மாறியதும் அவை வேண்டாப்பொருளாகி, பல ஆண்டுகள் கிடங்குகளில் உடைந்தும் நனைந்தும் கிடந்தன. 2013இல் கிமே நடத்திய தெலப்போர்த் கண்காட்சிக்காகத்தான் பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. மூலக்கல் அங்கே நூற்றைம்பது மழைக்காலங்களில் கரைந்துகொண்டிருக்க, 19ஆம் நூற்றாண்டின் முகம் இந்தப் பிளாஸ்டரில் தங்கியிருந்தது என்பது பிறகுதான் புரிந்தது.

ஆக, படமெடுப்பதும் எடுத்துக்கொண்டு போவதும் ஒரே வண்டியில்தான் அங்கோருக்குள் நுழைந்தன. இதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. கல்லைத் தூக்கிப்போகும் உரிமை தனக்கு இருப்பதாக நினைத்த அதே அரசுதான் படத்துக்கும் பணம் கொடுத்தது. 1923இல் 22 வயது ஆந்த்ரே மால்ரோ, பின்னாளில் பிரான்சின் பண்பாட்டு அமைச்சரான அதே மால்ரோ, பந்தியாய் ஸ்ரெய் கோயிலின் தேவதை உருவங்களை அறுத்தெடுத்துக்கொண்டு போகையில் புனோம் பென்னில் பிடிபட்டார். தனியாள் செய்ததால் அது குற்றமாயிற்று.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1907இல் அங்கோர் சயாமிடமிருந்து கம்போடியாவுக்குத் திரும்பியது. அடுத்த ஆண்டு அங்கோர் பாதுகாப்பு அலுவலகம் தொடங்கியது. ஆய்வுப் பள்ளியின் ஆட்கள் ஒவ்வொரு சுவரையும் வாயிலையும், பெயரும் திசையும் தேதியும் எழுதிப் படமெடுக்கத் தொடங்கினார்கள். இங்கேதான் படத்தின் குணம் மாறியது. 1924இல் பாயோனில் பிற்காலக் கட்டுமானத்துக்குப் பின்னால் மறைந்துகிடந்த ஒரு முகப்புச் சிற்பத்தை ஆன்ரி பர்மாந்தியே வெளிக்கொணர்ந்தார். அதில் இருந்தவர் சிவனோ பிரம்மனோ அல்ல. லோகேசுவரர் என்னும் போதிசத்துவர். சிவன் கோயில் என்ற முடிவு ஆட்டம் கண்டது. மூன்றாண்டில் ஸ்டெர்னின் நூல் வந்தது.

ஸ்டெர்னின் முறையில் வியக்கத்தக்கது அதன் பொறுமை. ஒரு கோயிலின் தூணை இன்னொரு கோயிலின் தூணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நேரில் முடியாது. இரண்டு படங்களை மேசைமேல் வைத்தால் முடியும். பூவேலை எப்போது தடித்தது, எப்போது மெலிந்தது, எந்த வளைவு எதிலிருந்து பிறந்தது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனால், காலவரிசை தானே உருவாகும். படத்தால் எட்ட முடியாததும் உண்டு. ஸ்டெர்ன் பாயோனை 11ஆம் நூற்றாண்டில் வைத்தார். அடுத்த ஆண்டே, 1928இல், ஜார்ஜ் செதேஸ் கல்வெட்டுகளைக் கொண்டு அதை இன்னும் பிற்காலத்துக்குக் கொண்டுவந்து, 1181இல் முடிசூடிய ஏழாம் ஜெயவர்மனின் கோயில் என்று நிறுவினார். எது முந்தியது எது பிந்தியது என்பதைப் படம் காட்டியது. ஆண்டைக் கல்வெட்டு சொன்னது. இந்த இரண்டும் கைகோக்காமல் எந்தக் கோயிலின் வரலாறும் எழுதப்படக்கூடாது. நம்மூர்க் கோயில்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

பாயோனில் இன்று நிற்பவை 37 கோபுரங்கள். பெரும்பாலானவற்றில் திசைக்கொன்றாக நான்கு முகங்கள். கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கியபிறகே முகம் செதுக்கப்பட்டது. அதனால் ஒரு கன்னம் இரண்டு மூன்று கற்களில் பரந்திருக்கும். இணைப்புக் கோடு மூக்கையோ உதட்டையோ வெட்டிக்கொண்டு போகும். நேர்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் அந்தக் கோடுகள்தான் முதலில் கண்ணில் படும். பக்கவாட்டில் சாய்ந்துவரும் வெயிலில் கோடுகள் அடங்கி, உதட்டின் விளிம்பும் மணிமுடியின் வேலையும் எழும். உச்சிவெயிலில் புருவத்தின் நிழல் கண்ணில் விழுந்து, திறந்த கண்ணும் மூடியதுபோல் தோன்றும். அந்த முகங்கள் தியானத்தில் இருக்கின்றனவா, உலகைப் பார்க்கின்றனவா என்ற வாதத்தில் பேசும் எவரிடமும், நீங்கள் பார்த்த படம் எந்த நேரத்தில் எடுத்தது என்று முதலில் கேட்க வேண்டும்.

அங்கோர் 13.4 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, சென்னை 13.1. சென்னையில் வெயில் எப்படிச் சாயுமோ அப்படியேதான் அங்கும். கிழக்கு முகத்துக்குக் காலை, மேற்கு முகத்துக்கு மாலை. தெற்கு முகத்துக்கு மார்கழி தை மாதங்களில் நாளெல்லாம் நல்ல வெளிச்சம். சிக்கல் வடக்கு முகத்தில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் நண்பகல் சூரியன் வடக்குப் பக்கம் நகரும். அந்த மாதங்களில் அங்கே மழையும் மேகமும். சுற்றுலாக்காரர்கள் வந்து குவியும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடக்கு முகங்கள் பெரும்பாலும் நிழலில் கிடக்கும். ஆகவே விடுமுறைக்குப் போய்வருகிறவர்களின் படங்களை மட்டும் சேர்த்துப் பாயோனைப் புரிந்துகொள்ள முயன்றால், நான்கில் ஒரு திசை மங்கிப்போகும்.

நிழலும் பாசியும் ஏமாற்றும் என்பதால்தான் தோக்கியோ பல்கலைக்கழகத்தின் கட்சுஷி இகேயுச்சி குழுவினர் லேசர் அளவீட்டுக்குப் போனார்கள். கீழிருந்து எட்டாத முகங்களுக்காகப் பலூனில் தொங்கும் லேசர்க் கருவி ஒன்றையே செய்தார்கள். முகங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணினியில் ஒப்பிட்டதில், தேவர், தேவதை, அசுரர் என மூன்று வகையாக அவை பிரிகின்றன என்ற கருத்துக்கு ஆதரவு கிடைத்தது. பக்கத்துப் பக்கத்து முகங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதால், சிற்பிகள் பல குழுக்களாகப் பிரிந்து ஒரே சமயத்தில் வேலை செய்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள். எல்லா முகங்களும் ஒன்றே என்று நூறாண்டுகளாக எழுதப்பட்டதற்கு இது நேர்மையான மறுப்பு. அந்த முகம் லோகேசுவரரா, பிரம்மனா, மன்னனா என்ற கேள்வியும் இதனால் இன்னும் கூர்மையாகிறது.

மன்னனா என்று கேட்பவர்கள் கிமேயில் உள்ள ஒரு தலைக்கு முன்னால் நிற்க வேண்டும். கொம்போங் ஸ்வாய் பிரேயா கான் கோயிலிலிருந்து வந்த ஏழாம் ஜெயவர்மனின் மணற்கல் தலை அது. சுமார் 42 சென்டிமீட்டர் உயரம். தலை சற்றே முன்னுக்குக் குனிந்திருக்கிறது. இமைகள் மூடியிருக்கின்றன. தலைமுடி இழுத்துச் சீவி, உச்சியில் சிறு கொண்டையாக முடிந்திருக்கிறது. காதுமடல் நீண்டு தொங்குகிறது. அதில் ஒரு நகையும் இல்லை. நேரே நின்று எடுத்தால் அகன்ற சதைப்பிடிப்பான முகம். இடப்பக்கமோ வலப்பக்கமோ இரண்டடி நகர்ந்தால் உதட்டோரம் மாறுகிறது. சிரிப்பென்று நினைத்தது ஒரு மனிதன் மூச்சை அடக்கி அமர்ந்திருப்பதாகத் தெரிகிறது. பாயோன் முகங்களில் மணிமுடியும் காதணியும் உண்டு. இதில் எதுவுமே இல்லை. ஒரே மன்னனின் காலம், ஒரே கல்மரபு, ஆனால் இருவேறு நோக்கங்கள் என்பது என் கணிப்பு. ஃப்ளாஷ் போடாமல் படமெடுக்க அங்கே தடையில்லை.

இனி நம் வீட்டுக் கதை. 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரெய் கோயிலில், கிழக்கு வாயில் முகப்பொன்றில் சிவன் ஆடுகிறார். காலடியில் ஓரமாக, எலும்பும் தோலுமாய், வற்றிய மார்போடு ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். ஆய்வாளர்கள் அவளைக் காரைக்கால் அம்மையார் என்றே அடையாளம் காண்கிறார்கள். சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12ஆம் நூற்றாண்டில். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்தியே அம்மையார் கடல்கடந்து கெமர் கல்லில் உட்கார்ந்துவிட்டார். செம்பியன் மாதேவி சோழநாட்டில் எழுப்பிய கோயில்களில் ஆடவல்லானுக்குக் கீழே அம்மையார் இடம்பெறத் தொடங்கியதும் ஏறக்குறைய இதே காலம்தான். காம்போச மன்னன் காட்சிப்பொருளாகக் காட்டிய ஒரு கல்லைச் சிதம்பரம் கோயிலில் பதித்ததாக 1114ஆம் ஆண்டுச் சோழர் கல்வெட்டு சொல்கிறது. போக்குவரத்து இருபுறமும் நடந்திருக்கிறது. பின்னாளில் காரைக்கால் பிரெஞ்சு ஊராயிற்று. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956இல் அம்மையாரின் பாடல்களைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. இன்று காரைக்கால் குடும்பங்கள் பாரிஸில் இருக்கின்றன. அம்மையாரின் முகத்தை அந்தச் சிவந்த மணற்கல்லில் போய்ப் பார்த்தவர் எத்தனை பேர்? போய்வந்தவர்களின் படங்களில்கூடப் பெரும்பாலும் சிவனின் கைகளோடு சட்டகம் முடிந்துவிடுகிறது. அம்மையார் வெட்டுப்பட்டுப் போகிறார்.

ஓரத்தில் இருப்பதையும் சேர்த்து எடுத்த படத்தின் மதிப்பு, கல் காணாமல் போகும் நாளில் தெரியும். 1975இல் கெமர் ரூஜ் ஆட்சிக்கு வந்தபோது, அங்கோரின் பாபுவோன் கோயில் பழுதுபார்ப்பதற்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் கற்கள் காட்டில் பரப்பிக் கிடந்தன. எந்தக் கல் எங்கே போக வேண்டும் என்று எழுதிய ஆவணங்கள் அழிந்துபோயின. பாரிஸில் தப்பியிருந்த படங்களின் துணையோடுதான் 1995இல் வேலை மறுபடி தொடங்கி, 2011இல் முடிந்தது. உள்நாட்டுப் போர் ஆண்டுகளில் அங்கோர்ச் சிலைகளின் தலைகள் அறுக்கப்பட்டு வெளிநாட்டுச் சந்தைக்குப் போயின. காணாமற்போன நூறு பொருட்களின் படங்களை 1993இல் சர்வதேச அருங்காட்சியக மன்றமும் ஆய்வுப் பள்ளியும் சேர்ந்து நூலாக வெளியிட்டன. அதைப் பார்த்து அடையாளம் கண்டதில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் ஒரு சிவன் தலையை 1997இல் கம்போடியாவுக்குத் திருப்பிக் கொடுத்தது. 2016 ஜனவரியில் கிமேயும் 19ஆம் நூற்றாண்டில் எடுத்துவரப்பட்ட ஒரு ஹரிஹரன் தலையைப் புனோம் பென்னுக்கு அனுப்பியது. நூறாண்டுக்கும் மேலாகப் பிரிந்திருந்த உடலோடு அது பொருத்தப்பட்டது.

இதே வேலை தமிழ்நாட்டுக்கும் நடந்திருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருந்தபோது, அது ஸ்ரீபுரந்தான் நடராசரே என்று காட்டியது அந்தத் தொகுப்பின் பழைய கறுப்பு வெள்ளைப் படம். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரருக்கும் அதே தொகுப்புதான் சாட்சி. இரண்டும் 2014 செப்டம்பரில் இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டன.

லாச்சப்பல் தமிழர்களிடம் இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் நூல்களும் சாம்பலாயின. படியெடுத்து இன்னொரு நாட்டில் வைத்திருந்தால் என்ற ஏக்கம் இந்தச் சமூகத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. போரில் இடிந்த கோயில்களில் பல, பழைய முகப்பு எப்படி இருந்தது என்று பார்க்கப் படமில்லாமலே புதிதாகக் கட்டப்பட்டுவிட்டன. ஒவ்வொரு கோடையிலும் இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்கள் கோயில் வாசலில் குடும்பமாக நின்று படம் எடுக்கிறார்கள். இனிமேல் குடும்பம் விலகி நின்றபிறகும் சில படங்கள் எடுங்கள். சிலையின் முன்பக்கம் மட்டும் போதாது. இருபக்கமும் பின்பக்கமும் பீடமும் வேண்டும். உடைந்த மூலை, பழைய ஒட்டு, கல்வெட்டு எழுத்து எல்லாவற்றையும் கிட்டே போய் எடுங்கள். அளவு தெரிய ஓர் அளவுகோல் வையுங்கள். ஊர்ப் பெயர், சன்னதி, திசை, தேதி எழுதாமல் எதையும் சேமிக்காதீர்கள். கருவறைக்குள் படமெடுக்க அனுமதி இல்லையென்றால் அதை மதித்து, வெளிச்சுவரையும் தூணையும் எடுங்கள். ஒரு படியை ஊர்க் கோயிலிலும் ஒரு படியைப் பாரிஸிலும் வையுங்கள்.

எப்படி எடுப்பது என்று பழக வேண்டுமானால் ஜெயவர்மன் தலை முன்னால் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள், பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். கிமே அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நுழைவு இலவசம்.